மாடி வீட்டு வெயிலை விரட்டலாம்!

பழைய அடுக்குமாடிக் கட்டடத்தை இடிக்க வேண்டாம். இருக்கிற கட்டடத்தையே குளிர வைக்கலாம். மின்சாரச் செலவும் குறையும்.

மதுரை நகரின் மேற்கு ஓரத்தில், வைகை ஆற்றின் தென்கரையில் இருக்கிறது, கோச்சடை.

முத்தையா சுவாமி கோவில் இருக்கும் ஊர். ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்தது. மதுரை வளர்ந்தது. வயல்கள் மனைகள் ஆயின. மனைகளில் மாடி வீடுகள் எழுந்தன. இன்று மேலக்கால் ரோட்டை ஒட்டி, தனி வீடுகளுக்கு நடுவே அடுக்குமாடிக் கட்டடங்களும் நிற்கின்றன.

அடுக்குமாடி வீட்டில், அதுவும் பழைய கட்டடத்தின் மேல் மாடியில் குடியிருப்பவர்களைக் கேட்டால் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்.

"சித்திரை பிறந்துவிட்டால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை!"

பகலில் வெக்கை. இரவில் புழுக்கம். மின்விசிறியைப் போட்டால் அனல் காற்று வீசுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வேர்த்து வழிகிறார்கள். வயதானவர்கள் தூக்கம் வராமல் புரளுகிறார்கள். கடைசியில் கடன் வாங்கியாவது ஏ.சி. வாங்குகிறார்கள். அறை குளிர்கிறது. ஆனால், மின்சார பில்லைப் பார்த்ததும் மறுபடியும் வேர்க்கிறது!

இது கோச்சடையின் குறை மட்டும் அல்ல. எல்லீஸ் நகரிலும் இதே கதைதான். சென்னை, திருச்சி, கோவையிலும் இதே கதைதான்.

இதற்கு என்ன வழி? கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். அதற்கு எல்லோரிடமும் பணம் இல்லை. அப்படி இடிக்க வேண்டிய தேவையும் இல்லை. பழைய கட்டடத்தையே திருத்தலாம். உலகம் எங்கும் இப்போது இந்த வேலை நடக்கிறது.

இரவில் ஏன் புழுங்குகிறது?

மேல் மாடி வீட்டில் ஒரு விசித்திரம் உண்டு. வெயில் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு. ஆனால், வீடு அதிகமாகக் கொதிப்பது மாலையிலும் முன் இரவிலும்தான். காரணம் என்ன?

மேல் தளம் கான்கிரீட்டால் ஆனது. நாலைந்து அங்குலக் கனம். கோடை வெயிலில் அதன் மேல் பரப்பு 60 டிகிரி வரை சூடாகும். கால் வைக்க முடியாது. அந்தச் சூடு உடனே கீழே இறங்குவது இல்லை. கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல ஊறுகிறது. கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது.

அதாவது, பகல் முழுவதும் தளம் வெயிலைக் குடிக்கிறது. சூரியன் மறைந்த பிறகு, குடித்ததை எல்லாம் வீட்டுக்குள் கக்குகிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக் கல் சுடுகிறது அல்லவா? அதைப் போலத்தான்.

இந்த இரவுச் சூடு பொல்லாதது. பகலில் பட்ட வெப்பத்தை உடம்பு இரவில்தான் தணித்துக்கொள்ளும். இரவும் சூடாக இருந்தால் உடம்புக்கு ஓய்வு இல்லை. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இது ஆபத்து.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் போல வெயிலும் ஆளைக் கொல்லும் என்பதே இதன் பொருள்.

அந்தக் காலத்து மொட்டை மாடி

பாட்டன் காலத்தில் மாடி கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

தளம் போட்டதும் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, மேலே மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். பிறகு அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள்.

இந்தச் செங்கல் ஜல்லி ஒரு கம்பளம் மாதிரி. மழைத் தண்ணீரைத் தடுக்கும். வெயிலையும் தடுக்கும்.

பின்னால் வந்த கட்டடங்களில் பல இடங்களில் இந்த வேலை குறைந்துவிட்டது. ஆள் கூலி ஏறியது. அவசரம் வந்தது. வெறும் சிமெண்டுப் பூச்சோடு நிறுத்திவிட்டார்கள். சுண்ணாம்புத் தளம் போட்ட இடங்களிலும், 30 ஆண்டு மழை வெயிலில் ஓடு உடைந்து, தளம் கறுத்துப்போயிற்று.

கறுத்த மாடி வெயிலை வாங்கும். வெளுத்த மாடி வெயிலைத் திருப்பி அனுப்பும்.

வெள்ளை அடித்தால் போதுமா?

வெயில் காலத்தில் யாரும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நடப்பது இல்லை. மாடிக்கும் அதே நியாயம்தான்.

அழுக்கேறிய சிமெண்டுத் தளம், விழுகிற வெயிலில் பெரும் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. நல்ல வெள்ளைப் பூச்சு 100க்கு 80 பங்கு வெயிலைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடுகிறது. வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும் என்று கண்டிருக்கிறார்கள். 38 டிகிரி அறை 34 டிகிரி ஆனால், மனிதன் தூங்கலாம்!

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சுண்ணாம்பு. மிகவும் மலிவு. ஆனால், ஒரு மழைக்காலம் போனால் கரைந்துவிடும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும்.

இரண்டாவது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட். கடைகளில் கூல் ரூப் பெயிண்ட் என்று கேட்டால் தருவார்கள். இது சில ஆண்டு தாங்கும்.

மூன்றாவது, கூலிங் டைல்ஸ் என்னும் வெள்ளை ஓடு. செலவு அதிகம். ஆனால், நீண்ட காலம் உழைக்கும். மாடியில் வற்றல் வடகம் காயப்போடுகிறவர்கள், துணி உலர்த்துகிறவர்கள் அடிக்கடி நடப்பார்கள். அங்கே பெயிண்ட் தேய்ந்துபோகும். ஓடுதான் நல்லது.

எதைச் செய்தாலும் முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும். விரிசல் இருந்தால் தண்ணீர் இறங்கும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பும். கான்கிரீட் பெயர்ந்து விழும். நோயை உள்ளே வைத்துக்கொண்டு மேலே வெள்ளை அடிப்பது வீண் வேலை.

புதிதாகக் கனம் ஏற்றுவதாக இருந்தால், என்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். பழைய தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளை மாடியை ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும். மதுரைப் புழுதி படிந்தால் வெள்ளை, பழுப்பு ஆகிவிடும். பழுப்பு ஆனால் பலனும் போய்விடும்.

சிலர் மாடியில் கீற்றுக் கொட்டகை போடுகிறார்கள். நிழல் கிடைக்கும். ஆனால், ஒரு பொறி பட்டால் தீ! நெருக்கமான வீடுகளுக்கு நடுவே அது வேண்டாம்.

வேறு சிலர், வீட்டுக்குள் தெர்மாகோல் அடைத்துப் பொய்க்கூரை போடுகிறார்கள். மேலே கொதிக்கும் தளம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். சூட்டை உள்ளே மறைப்பதைவிட வெளியே தடுப்பது மேல்.

அகமதாபாத் படித்த பாடம்

குஜராத்தில் உள்ள பெரிய நகரம் அகமதாபாத். 2010ஆம் ஆண்டு மே மாதம் அங்கே கடும் வெயில் அடித்தது. அந்த ஒரு மாதத்தில், வழக்கமாக இறப்பவர்களைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

நகரமே அதிர்ந்தது. 2013ல் வெயிலைச் சமாளிக்க ஒரு திட்டம் வகுத்தார்கள். எச்சரிக்கை, ஆஸ்பத்திரி ஏற்பாடு, குடிதண்ணீர் என்று வேலைகள் நடந்தன. சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஏழைகள் வாழும் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினார்கள்.

தெலங்கானா அரசு 2023ல் குளிர் கூரைக்கு என்றே தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிக்கூடங்களின் கூரைகளில் இந்த வேலை தொடங்கியது.

பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் இருக்கிறது. தனி வீட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அடுக்குமாடி வீட்டுக்கு?

யார் பணம் கொடுப்பது?

இங்கேதான் சிக்கல்.

அடுக்குமாடிக் கட்டடத்தில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஆனால், அதில் விழும் வெயில் மேல் வீட்டுக்காரருக்கு மட்டும்!

"மாடிக்கு வெள்ளை அடிப்போம்" என்று மேல் வீட்டுக்காரர் சொல்வார். "எங்கள் வீடு நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கீழ் வீட்டுக்காரர் கேட்பார். சங்கக் கூட்டம் கலையும். அடுத்த சித்திரையும் வந்துவிடும்.

கீழ் வீட்டுக்காரர் கேட்பது நியாயமா? கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மாடியில் இறங்கும் தண்ணீர் மேல் வீட்டோடு நிற்பது இல்லை. சுவர் வழியாகக் கீழேயும் வருகிறது. மாடியில் துருப்பிடிக்கும் கம்பி, முழுக் கட்டடத்தின் ஆயுளைக் குறைக்கிறது. கட்டடத்தின் ஆயுள் குறைந்தால் கீழ் வீட்டின் விலையும் குறையும்.

அது மட்டுமா? மேல் வீட்டுக்காரர் வெக்கை தாங்காமல் ஏ.சி. போடுகிறார். ஏ.சி. சூட்டை அழிப்பது இல்லை. உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது. அந்த அனல் பக்கத்து வீட்டு ஜன்னலில் வீசுகிறது. அவரும் ஜன்னலை மூடிவிட்டு ஏ.சி. போடுகிறார். இப்படி ஒருவர் சூட்டை மற்றவர் வாங்க, கட்டடமே அடுப்பு ஆகிறது!

ஆகவே, மாடி வேலை ஒரு வீட்டு வேலை அல்ல. கட்டடத்து வேலை. எட்டு வீடு இருந்தால், செலவை எட்டாகப் பங்கு போடுவதே முறை. ஒரே தடவை கொடுக்க முடியாவிட்டால், மாதச் சந்தாவில் சேர்த்துக் கொடுக்கலாம்.

மேல் வீட்டுக்காரர் கேட்பது தர்மம் அல்ல. தன் பங்குக்கு மேல் சுமந்த வெயிலுக்குக் கணக்கு!

கோச்சடையிலேயே ஒரு பாடம்

கூரைக்கு அடுத்தது, சுவரும் ஜன்னலும்.

சாய்ந்த வெயில் மேற்குச் சுவரில் அறைகிறது. கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. உள்ளே திரை போட்டால் வெளிச்சம் குறையும். சூடு அவ்வளவாகக் குறையாது. ஏனென்றால், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. வந்த திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது போல!

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுக்க வேண்டும். மூங்கில் தட்டி கட்டலாம். வெட்டிவேர்த் தட்டி கட்டலாம். சன்ஷேட் குட்டையாக இருந்தால் நீட்டலாம். மேற்குப் பக்கம் இடம் இருந்தால் மரம் வைக்கலாம்.

இரவில் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். கொசுவுக்குப் பயந்து மூடி வைத்தால் புழுக்கம் போகாது. கொசுவலை அடித்துவிட்டுத் திறந்து வைக்கலாம். ஒரு பக்கம் திறந்தால் போதாது. எதிர்ப் பக்கமும் திறந்தால்தான் காற்று ஓடும்.

நிழலின் அருமையைக் காட்டும் கட்டடம் ஒன்று கோச்சடையிலேயே இருக்கிறது. மதுரை ஆலை நிர்வாகத்தினருக்காக 1970களில் எழுந்த மன்றம் அது. பிறகு ஹோட்டல் ஆயிற்று. அதற்கு வரைபடம் போட்டவர், இலங்கையைச் சேர்ந்த உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. வெயிலை எந்திரத்தால் வெல்ல அவர் நினைக்கவில்லை. நிழலும், தாழ்வாரமும், காற்று ஓடும் கூடமும்தான் அவருடைய ஆயுதங்கள்.

அடுக்குமாடி வீட்டில் தாழ்வாரம் ஏது? பால்கனி இருக்கிறதே! பழைய சாமானைப் போட்டு அடைக்காமல், தட்டி கட்டி நிழல் ஆக்கினால் அதுதான் தாழ்வாரம்.

படிக்கட்டில் போகும் பணம்

வெயிலைத் தடுத்தாயிற்று. இனி மின்சாரக் கணக்கைப் பார்க்கலாம்.

1,000 வாட் மின்சாரம் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். 100 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்.

அடுக்குமாடியில் யாரும் கவனிக்காத மீட்டர் ஒன்று இருக்கிறது. அதுதான் பொது மீட்டர். படிக்கட்டு விளக்கும் தண்ணீர் மோட்டாரும் அதில்தான் ஓடுகின்றன.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இந்தப் பொது உபயோகத்துக்குத் தனிக் கட்டணம் வந்தது. யூனிட்டுக்கு 8 ரூபாய்! சிறிய கட்டடங்களில் இருந்தவர்கள் முறையிட்டார்கள். 2023ல் 10 வீடுகளுக்கு மேல் இல்லாத, 3 மாடிகளுக்கு மேல் இல்லாத, லிப்ட் வசதி இல்லாத கட்டடங்களுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒரு கணக்குப் போடலாம். படிக்கட்டிலும் வாசலிலும் 10 பழைய டியூப் லைட்டுகள். சோக்கோடு சேர்த்து ஒன்றுக்கு 50 வாட். இரவு 12 மணி நேரம் எரிந்தால் 6 யூனிட். அவற்றை எடுத்துவிட்டு 20 வாட் எல்.இ.டி. விளக்குப் போட்டால் 2.4 யூனிட்டுதான். மாதத்துக்கு 108 யூனிட் மிச்சம். 8 ரூபாய்க் கணக்கில் 864 ரூபாய்!

எல்.இ.டி. விளக்கு நாட்டுக்குப் புதிது அல்ல. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. வீட்டுக்குள் போன பல்பு படிக்கட்டுக்கு வராததுதான் வேடிக்கை. பொதுச் சொத்து என்றால் யாருக்கும் சொந்தம் இல்லை என்ற நினைப்பு!

மோட்டார் சங்கதி அதைவிடப் பெரிது. 2 குதிரை சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால், கிட்டத்தட்ட 2 யூனிட் தின்னும். பல முறை காயில் கட்டிய பழைய மோட்டார் இன்னும் அதிகம் தின்னும். தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீரும் போயிற்று, மின்சாரமும் போயிற்று. தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் கருவி வைத்தால் இந்த நஷ்டம் இல்லை.

சொட்டுகிற குழாயையும் சும்மா விடக்கூடாது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு ஒரு குடத்துக்கு மேல் வீண். அந்தக் குடத்தை மேலே ஏற்றியதும் மோட்டார்தான்.

விசிறிக் கணக்கு

இனி வீட்டுக்குள் வரலாம்.

மதுரையில் மின்விசிறி ஓடாத வீடு இல்லை. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுத்துக்கொள்ளும். பி.எல்.டி.சி. என்னும் புது மாதிரி மின்விசிறி, அதே காற்றை சுமார் 30 வாட்டில் கொடுக்கும்.

ஒரு வீட்டில் மூன்று விசிறிகள் தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் சுமார் 120 யூனிட் மிச்சம்! தமிழ்நாட்டில் 2016ல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆயிற்று. அந்த இலவசத்தைவிட விசிறி தரும் இலவசம் பெரிது.

2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம் ஆயிற்று. நட்சத்திரம் அதிகமாக இருந்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும். விலையை மட்டும் பார்த்து வாங்கினால், கடைக்காரரிடம் மிச்சம் பிடித்ததை மின்சார வாரியத்துக்குக் கட்ட வேண்டிவரும்.

ஏ.சி. இருக்கிற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. 18 டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வது பெருமை அல்ல. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம். 2020 முதல், புதிய நட்சத்திர முத்திரை ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. 24ல் வைத்து, கூடவே விசிறியும் மெல்ல ஓடினால் உடம்புக்குப் போதும்.

மாடியைத் திருத்தாமல் பெரிய ஏ.சி. வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போல!

சூரியனே வேலை செய்யட்டும்

செலவு குறைந்த பிறகு வருமானத்தைப் பார்க்கலாம்.

மாடியில் சூரியத் தகடு வைத்தால் மின்சாரம் கிடைக்கும். ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நாளுக்கு சுமார் 4 யூனிட் கிடைக்கும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. பொது உபயோகத்துக்கு சங்கம் தகடு வைத்தால், கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் சூரியன் கணக்கில் ஓடும்.

தகடு தன் அடியில் நிழலும் தரும். எரிக்கிற சூரியனையே கூலி இல்லாத வேலைக்காரன் ஆக்கலாம்!

ஆனால், ஒழுகும் மாடியில் தகடு வைக்கக் கூடாது. பிறகு அதைக் கழற்றினால்தான் ஒழுகலை அடைக்க முடியும். வேலைக்கு வரிசை உண்டு.

6,514 ஜன்னல்கள்

இந்த வரிசையை அமெரிக்கா ஒரு பெரிய கட்டடத்தில் செய்து காட்டியது.

நியூயார்க் நகரில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் இருக்கிறது. 102 மாடி. 1931ல் திறந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம். வயதாகிவிட்டதால் மின்சாரத்தை விழுங்கிக்கொண்டு இருந்தது. 2009ல் அதைத் திருத்த முடிவு செய்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் 6,514 ஜன்னல்கள். எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்களா? இல்லை. ஐந்தாவது மாடியிலேயே ஒரு பட்டறை வைத்தார்கள். பழைய கண்ணாடிகளைக் கழற்றினார்கள். நடுவே சூட்டைத் தடுக்கும் மெல்லிய தாள் கொடுத்தார்கள். மறுபடியும் மாட்டினார்கள்.

ஜன்னலில் சூடு குறைந்தது. அதனால் பெரிய குளிர் இயந்திரங்களைப் புதிதாக வாங்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. பழைய இயந்திரங்களையே புதுப்பித்தார்கள்.

இந்த வேலைகளால் எரிசக்தி 38 சதவிகிதம் குறையும், ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிச்சம் ஆகும் என்று கணக்கிட்டார்கள்.

முதலில் சூட்டைத் தடு. பிறகு இயந்திரத்தைப் பார். இதுதான் அந்தக் கட்டடம் சொல்லும் பாடம்.

குடியிருந்தபடியே

"வேலை நடக்கும்போது எங்கே போவது?" என்று சிலர் கேட்கலாம்.

பிரான்சு நாட்டில் போர்தோ என்ற நகரம். அங்கே 1960களில் கட்டிய மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள். மொத்தம் 530 வீடுகள். இடிக்காமல் திருத்துவது என்று தீர்மானித்தார்கள். வெளிப்பக்கமாக ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் ஒட்டவைத்தார்கள். குடியிருந்தவர்கள் யாரும் வெளியேறவில்லை! 2017ல் வேலை முடிந்தது. 2019ல் ஐரோப்பாவின் பெரிய கட்டடக் கலைப் பரிசு அதற்குக் கிடைத்தது.

குளிர் நாட்டில் வெயிலைப் பிடித்து வைத்தார்கள். நாம் வெயிலைத் தடுக்க வேண்டும். வழி வேறு, எண்ணம் ஒன்று.

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே 100க்கு சுமார் 80 பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் வாழ்கிறார்கள். குடியிருப்பு நகரங்களின் மின்சாரச் செலவை 2030க்குள் 15 சதவிகிதம் குறைப்பது என்று 2020ல் திட்டம் போட்டார்கள். தெம்பனிஸ் பகுதியில் கட்டடங்களுக்கு வெயிலைத் திருப்பும் பெயிண்ட் அடித்துச் சோதனை செய்தார்கள்.

தமிழ்நாடு செய்து காட்டியது

"இதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரி. இங்கே நடக்குமா?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

நடந்திருக்கிறது!

2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழை நீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிற்று. புதிய கட்டடத்துக்கு மட்டும் அல்ல. பழைய கட்டடத்துக்கும்தான்! பாட்டன் கட்டிய வீட்டிலும் குழாய் இறக்கினார்கள். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பணம் போட்டார்கள். பள்ளம் தோண்டினார்கள். மாடியில் விழும் மழை மண்ணுக்குள் போயிற்று.

மாடியில் விழும் மழைக்குச் செய்ததை, மாடியில் விழும் வெயிலுக்குச் செய்ய முடியாதா?

வீடுகளுக்கான எரிசக்தி விதிகளை மத்திய அரசு 2018ல் வெளியிட்டது. அவை புதிதாக எழும் கட்டடங்களுக்காக வந்தவை. பழைய கட்டடத்துக்கு அதில் குடியிருப்பவர்கள்தான் அரசாங்கம். அவர்கள் கூடினால்தான் வேலை நடக்கும்.

எதை முதலில் செய்வது?

1. மாடியில் விரிசலையும் ஒழுகலையும் அடைக்க வேண்டும்.

2. மாடிக்கு வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட வேண்டும்.

3. மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே நிழல் தர வேண்டும்.

4. படிக்கட்டு விளக்குகளை மாற்ற வேண்டும். தொட்டிக்குத் தானாக நிற்கும் கருவி வைக்க வேண்டும்.

5. பழைய விசிறியும் மோட்டாரும் கெடும்போது, நட்சத்திரம் பார்த்துப் புதிது வாங்க வேண்டும்.

6. இவ்வளவும் முடிந்த பிறகு சூரியத் தகடு வைக்கலாம்.

இதை எல்லாம் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியது இல்லை. ஆண்டுக்கு ஒன்று செய்தாலும் போதும். பொது மீட்டரில் மிச்சம் ஆகும் பணத்தைத் தனியாக எடுத்துவைத்தால், அடுத்த ஆண்டு வேலைக்கு அதுவே முதல் ஆகும்.

நல்ல நாள் பார்க்க வேண்டியதும் இல்லை. தை, மாசியில் மழை இருக்காது. தளம் காய்ந்து இருக்கும். கொத்தனாரும் கிடைப்பார். அப்போது தொடங்கினால், கத்திரி வெயில் வருவதற்குள் மாடி வெளுத்துவிடும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் மேல் வீட்டுக்காரர் பேச வேண்டாம். கீழ் வீட்டுக்காரர் எழுந்து, "மாடிக்கு என் பங்கு எவ்வளவு?" என்று கேட்கட்டும். அன்றைக்கே பாதி வெயில் இறங்கிவிடும்!